அடி தட்டியவள் பெயர்

ஏழுமலைக்கு அப்பா எழுதுவது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. தையில் முகூர்த்தம், மாசியில் விழுப்புரத்தில் கைத்தொழில் கண்காட்சி, அதற்கு மனுப் போட்டாகிவிட்டது, கடைக்கு இடமும் கிடைத்துவிடும் என்று எழுதியிருந்தாய். கேட்க நன்றாக இருந்தது. இருபது வயதில் சொந்தச் சக்கரம், சொந்தச் சூளை, ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு கடை. உன் வயதில் என்னிடம் இருந்ததெல்லாம் இந்த வாய் ஒன்றுதான். உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "கையெழுத்து உன்னுது மாதிரியே கோழி கிளறுனாப்புல இருக்குது, ஆனா சேதி நல்ல சேதி" என்றாள். எழுத்துப் படிக்கத் தெரியாதவள் கையெழுத்துக்கு மார்க் போடுகிறாள் பார்.

ஆனால் உன் கடிதத்தின் கடைசியில் இரண்டு வரி இருந்தது. அதை மட்டும் அவளுக்குப் படிக்காமல் தாண்டிவிட்டேன். 'கல்யாணத்துக்கு அப்புறம் குடத்துக்கு அடி தட்ட ஆள் இருக்கிறது, ஆகையால் சரக்குக்குக் கவலை இல்லை. மனுவில் செய்பவர் என்று கேட்டிருந்த இடத்தில் என் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன், சரிதானே?' சரியில்லை, ஏழுமலை. அந்த ஆளுக்குப் பச்சையம்மாள் என்று ஒரு பெயர் இருக்கிறது. பொம்மையார்பாளையத்துப் பக்கம் அவள் அப்பன் வீட்டில் போய்ப் பெண் பார்த்தபோது, பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் தட்டி வைத்திருந்த குடங்களைத்தான் நான் கவிழ்த்துப் பார்த்தேன். அடி உருண்டையாக, வெடிப்பில்லாமல், கோழிமுட்டை மாதிரி இருந்தது. அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன். நீ அவள் முகத்தைப் பார்த்து முடிவு பண்ணினாய். அதுவும் வேண்டியதுதான்.

ஏன் சரியில்லை என்று சொல்வதற்கு முன்னால், நீ எழுதியிருந்த சரக்கு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். சந்தைக்கு வருகிறவள் வீட்டில் பானை உடைந்துபோய் வருகிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியும். கண்காட்சிக்கு வருகிறவன் வீட்டில் எல்லாம் இருக்கிறது. அவன் வேடிக்கை பார்க்க வருகிறான். அவனை நிறுத்த வேண்டும். ஒரு குடத்தில் தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு குவளையைக் கவிழ்த்து, கடைக்கு முன்னால் வை. மாசி வெயிலில் ஒரு வாய் குடித்தவன் குடத்தை வாங்காமல் போகமாட்டான். பூப்போட்டு வர்ணம் அடித்துக் கொண்டுபோகாதே. வர்ணம் அடித்த குடத்தில் தண்ணீர் குளிராது, ஜனங்கள் ஏமாந்தால் சும்மா விடமாட்டார்கள். பட்டணத்துக்காரர்கள் எதை எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டுச் சிரிக்காதே. நான் போயிருந்த கண்காட்சியில் ஒரு அம்மாள் கேப்பைக் கூழ்ப் பானையை வாங்கி, அதில் தாழம்பூ வைக்கப்போகிறேன் என்றாள். வச்சுக்கோங்கம்மா என்று சொல்லி வைக்கோல் சுற்றிக் கொடுத்தேன். சட்டி சட்டியாக அடுக்கி வைக்காதே, ஒவ்வொன்றாக வை. விலையைக் குறைத்துக் கேட்டால் கோபப்படாதே. அது உன் அப்பனிடம் இருந்து வந்த வியாதி.

அந்தக் கண்காட்சியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் கீற்றுக்கொட்டகை போட்டு நான்கு நாள் நடத்தினார்கள். உனக்கு அப்போது ஒன்பது வயது. கெடாரில் அத்தை வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். நெசவு, பாய், கூடை, பித்தளை, தேன் என்று வரிசையாகக் கடைகள். அதில் எனக்கும் ஒன்று கிடைத்தது. அவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். செய்கிறவன்தான் விற்க வேண்டும், வாங்கி விற்கிற வியாபாரிக்கு இடம் கிடையாது. கடைக்காரன் ஒவ்வொருவனும் ஜனங்களுக்கு முன்னால் தன் வேலையைச் செய்து காட்ட வேண்டும். கடைசி நாள் பார்த்து, வேலை நன்றாயிருக்கிற ஒரு கடைக்குப் பதக்கம். மனுவில் 'செய்பவர் பெயர்' என்று ஒரு இடம் இருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன் என்ற திமிரில், யாரையும் கேட்காமல் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'தனி ஒருவர்' என்றும் எழுதினேன். அதைப் பார்த்து அவர்கள் என் கடைக்கு ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். 'முழுவதும் ஒருவர் கையால் செய்யப்பட்டது.' எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை.

அது பொய் என்று நான் நினைக்கவே இல்லை, அதுதான் வேடிக்கை. இந்தக் கடிதத்தை யார் கேட்டாலும் படித்துக் காட்டு, அதனால் நம் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்தில் இருந்து நூலால் அறுத்து எடுக்கிற பானைக்கு வாய் இருக்கும், கழுத்து இருக்கும், தோள் இருக்கும். அடி இருக்காது. கீழே பெரிய ஓட்டை. நீ ஐந்து வயதில் அப்படி ஒன்றைத் தூக்கிக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். ஒரு நாள் நிழலில் வாட விட்டு, உள்ளே ஒரு கையில் கல்லைப் பிடித்து, வெளியே மறு கையில் பலகையால் தட்டித் தட்டித்தான் அந்த ஓட்டையை மூட வேண்டும். ஒவ்வொரு தரம் எடுத்துத் தட்டி முடிப்பதும் ஒரு தட்டு. முதல் தட்டில் அடி மூடும், இரண்டாம் தட்டில் வயிறு உருளும், மூன்றாம் தட்டில் கனம் குறையும். எனக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் என் அம்மா தட்டினாள். பிறகு உன் அம்மா தட்டினாள். சக்கரத்தில் உட்காருகிறவன்தான் குடம் செய்கிறவன், மற்றதெல்லாம் வீட்டு வேலை என்று என் அப்பன் நினைத்தான், நானும் நினைத்தேன். பானை கழுவுவது மாதிரி, பானை தட்டுவதும் ஒன்று.

கண்காட்சிக்குக் கிளம்பின அன்று உன் அம்மா வண்டிக்குப் பக்கத்தில் வந்து, தானும் வரட்டுமா என்று கேட்டாள். பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்றேன். குடங்களுக்கு நடுவில் வைக்கோல் சரியாகத் திணித்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முதல் நாள் சாயங்காலம் செய்து காட்டுகிற என் முறை வந்தது. உன் அப்பன் சக்கரத்தில் எப்படி என்று உனக்கே தெரியும், நானே சொல்லிக்கொள்வது அழகில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொட்டகையே என் கடைக்கு முன்னால் வந்து நின்றது. மண் எழும்பி, விரிந்து, கழுத்து ஒடுங்கி, வாய் மலர்ந்தபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. நூலைப் போட்டு அறுத்து, இரண்டு கையாலும் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். கூட்டத்தில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருக்கிற ஒரு பெரிய மனிதர் குனிந்து கீழே இருந்து பார்த்தார். பானைக்குள் வழியாக அவர் முகத்தை நானும், என் முகத்தை அவரும் பார்த்தோம். "இன்னாய்யா, கொடத்துக்கு அடி எங்க? வூட்டுல வச்சிட்டு வந்துட்டியா?" என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். கூட்டம் சிரித்த சிரிப்பு அடங்க நேரம் ஆனது. அடியை வீட்டில்தான் விட்டுவிட்டு வந்திருந்தேன், அது எனக்குத்தான் தெரியும். மண் வாட வேண்டும், நாளைக்கு மூடிக் காட்டுகிறேன் என்று சமாளித்தேன். மறுநாள் காலையில் தைரியமாகத்தான் உட்கார்ந்தேன். சின்ன வயதில் நானும் தட்டியிருக்கிறேன், கை மறக்குமா என்று நினைப்பு. கை மறந்திருந்தது. பலகை ஒரு பக்கம் விழுகிறது, உள்ளே கல் வேறு பக்கம் நிற்கிறது. ஒரு ஓரம் அப்பளமாக மெலிந்தது, மறு ஓரம் மட்டையாகத் தடித்து நின்றது. கடைசியில் இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்க்கப்போய், அடி கோணலாகக் கிழிந்து என் கை மணிக்கட்டு வரைக்கும் வெளியே வந்துவிட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை.

கமிட்டித் தலைவர் ஒரு வக்கீல், நல்ல மனிதர், ஆனால் கறார். என்னைக் கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப்போய் நிதானமாகக் கேட்டார். இந்தக் குடங்களை நீதான் செய்தாயா, இல்லை யாரிடமாவது வாங்கி வந்தாயா? நான்தான் செய்தேன் என்றேன். செய்தவனுக்கு அடி மூடத் தெரியாதா என்றார். கடைசி நாள் மத்தியானம் பரிசு பார்க்கிறவர்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் ஒரு பானையை அடி மூடிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வியாபாரி என்று எழுதி கடையை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழுமலை, எனக்குப் பதக்கம் இல்லாமல் போவது பெரிதாகப் படவில்லை. மூன்று தலைமுறையாக மண் பிசைந்த வீட்டில் பிறந்தவனை, இந்த வேலை தெரியாதவன் என்று தாலுகா முழுவதும் சொல்லும். பக்கத்துக் கடையில் கோரைப்பாய் நெய்கிற பெரியவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மல்லாட்டை மூட்டை இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி ஒன்றில் ஏறிப் பெருமுக்கலில் நம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மா கொல்லையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பாதியை மென்று முழுங்கித்தான் சொன்னேன். அவள் தட்டுவதை நிறுத்தவே இல்லை. கிளம்பு, போகலாம் என்றேன். அப்போதுதான் பலகையைக் கீழே வைத்தாள். "மனுவுல செய்றது யாருன்னு கேட்டிருப்பாங்களே, இன்னா எழுதிக் குடுத்த?" என்றாள். மனு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் சொன்னேன். அவள் கையில் இருந்த மண்ணை வழித்துப் பானைமேல் அப்பினாள். "அப்ப அங்க நான் யாருன்னு வந்து ஒக்காருவேன்? போய் அத மாத்திட்டு வந்து கூப்பிடு" என்றாள். நாளைக்குச் சேர்ந்து போய் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். முடியாது என்றாள். இரண்டு தடவை அதட்டினேன், ஒரு தடவை கெஞ்சினேன். அவள் மறுபடி பலகையை எடுத்துக்கொண்டாள்.

உன் அம்மாவை உனக்குத் தெரியும். மறுநாள் விடிந்ததும் திண்டிவனத்துக்கு ஏழு மைல் நடந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனேன், ஓங்கூர் பக்கம் போகிற வண்டிக்காரர்கள் தனியாகப் பேசிக்கினு போறானே என்று திரும்பிப் பார்த்தார்கள். வக்கீலைப் பார்த்து, ஐயா, நான் எழுதிக் கொடுத்தது பொய், பாதி வேலை என் சம்சாரத்துடையது, நல்ல பாதி அவளுடையது என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் தோளில் இருந்து மூட்டையை இறக்கினது மாதிரி இருந்தது. அவர் மனுவை எடுத்து 'தனி ஒருவர்' என்பதை அடித்து, பெயர் என்ன என்று கேட்டார். அஞ்சலை என்றேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் பெயரை அன்றுதான் வெளி ஆளிடம் சொன்னேன் என்று நினைக்கிறேன். கடையில் இருந்த அட்டையையும் மாற்றி எழுதினார்கள். அன்று காலையிலேயே சக்கரத்தில் புதிதாக ஒரு பானை எடுத்து நிழலில் வைத்துவிட்டு, திரும்பவும் ஊருக்கு வந்து, மாற்றியாகிவிட்டது, வருகிறாயா என்று கூப்பிட்டேன். பலகையையும் கல்லையும் துணியில் சுற்றி ஏற்கெனவே தயாராக வைத்திருந்தாள்.

கடைசி நாள் அவள் கொட்டகைக்குள் நுழைந்தபோது நான் பயந்தேன். சந்தையைத் தவிர வேறு கூட்டம் பார்க்காதவள். அவளுக்குப் பயம் என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை. முதலில் அவள் செய்த வேலை, நான் அழகாக நிமிர்த்தி வைத்திருந்த குடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்ததுதான். வாயப் பாத்து வாங்குறவங்க சந்தையிலயும் வாங்குவாங்க, அடியப் பாத்து வாங்கட்டும் என்றாள். வந்தவர்கள் எல்லாம் நின்றார்கள். கவிழ்த்த குடத்தை அவர்கள் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. விரல் கணுவால் தட்டிக் காட்டினாள். வெண்கலம் மாதிரி சத்தம் வந்தது. தட்டிப் பார்த்த கையோடு வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாளில் நான் விற்றதை அவள் ஒரு காலையில் விற்றாள். இந்தப் பாடத்தை நீ இலவசமாக எடுத்துக்கொள், மாசியில் குடத்தைக் கவிழ்த்து வை.

மத்தியானம் பரிசு பார்க்கிறவர்கள் வந்தார்கள், பின்னாலேயே பாதி ஊர் வந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, நான் எடுத்து வைத்த பானையை மடியில் சாய்த்துக்கொண்டாள். கல் உள்ளே, பலகை வெளியே. தட்டத் தட்ட ஓட்டை சுருங்கியது. உள்ளங்கை அளவு, எலுமிச்சை அளவு, காசு அளவு. கடைசியில் பலகை ஒரே ஒரு தரம் விழுந்தது, ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. நான் பன்னிரண்டு வருஷமாக அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், அன்றுதான் பார்த்தேன். அந்த மண்டிக்காரர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவள் தலை நிமிராமல், "இன்னும் ரெண்டு தட்டு இருக்குது, அப்புறம் காயணும், சூளையில வேகணும். அடுத்த வாரம் வூட்டுக்கு வாங்க, ஊத்தித் தர்றேன்" என்றாள். இந்தத் தடவை கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வாரம் நிஜமாகவே வண்டி கட்டிக்கொண்டு வந்து ஆறு குடம் வாங்கிப்போனார்.

சாயங்காலம் பதக்கம் கோரைப்பாய்ப் பெரியவருக்குக் கிடைத்தது. இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் கூட்டிக் குறைத்து அம்மாவே உனக்குச் சொல்லியிருப்பாள். இனிமேல் சொல்வது உனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. பதக்கம் அறிவிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் சம்சாரம் மூடின அடியைப் போல இந்தக் கொட்டகையில வேற வேலை கிடையாதுப்பா. பரிசு பார்க்க வந்தவங்க மூணு பேரும் அதைத்தான் சொன்னாங்க. ஆனா நீ மொதல்ல பொய் எழுதிக் குடுத்துட்டியே. பொய் எழுதின மனுவுக்குப் பதக்கம் குடுத்தா நாளைக்கு மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அது அவளுடைய பதக்கம். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. என் பேனா எழுதினதற்கு அவள் கை தோற்றது.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் மிச்ச வைக்கோலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தாள். பிறகு, பாய் நல்ல பாய்தான் என்றாள். நான் ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "நம்ம அடியிலதான் எங்கியோ கொறை இருந்திருக்குது, கூட்டத்தப் பாத்துக்கினு அவசரமா தட்டிட்டேன் போல" என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். ஆனால் இரண்டு நாளில் ஒரு தடவை அவள் முன்னால் குனிந்துவிட்டேன், இன்னொரு தடவை குனிய என் முதுகு வளையவில்லை. வீடு போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீடு போய்ச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சூளை வைத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு மாதம் போனால் சொல்வது கஷ்டம், ஒரு வருஷம் போனால் சொல்லாமல் இருப்பது சுலபம். அப்படியே பதினோரு வருஷம் போய்விட்டது.

அவள் அன்றைக்கே ஒரு காரியம் ஆரம்பித்தாள். மூன்று தட்டு முடிந்த பானையை மறுபடி எடுத்து, அடியில் விரலை ஓட்டி ஓட்டி, குறையைத் தேடி நாலாவது தட்டுத் தட்டினாள். நம் சுற்றுவட்டாரத்தில் யாரும் நாலு தரம் தட்டுவதில்லை. நீயே அவளைக் கேட்டிருக்கிறாய், எதற்கு இன்னொரு தரம் என்று. இருக்கட்டும் என்பாள். அந்த நாலாவது தட்டால்தான் நம் குடம் லேசாக இருக்கிறது, திண்டிவனம் சந்தையில் பெருமுக்கல் குடம் என்று கேட்டு வாங்குகிறார்கள், உன்னைக் கெடாரில் மேற்கொண்டு படிக்க வைத்ததும் விழுப்புரத்தில் கடை போட்டுக் கொடுத்ததும் அதனால்தான். மழைக்காலத்தில் அவள் மணிக்கட்டு வீங்கி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் அதனால்தான். இல்லாத குறையை அவள் தேடிக்கொண்டிருந்தாள், குறை இருந்த இடம் எது என்று தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லாருக்கும் புத்தி சொல்கிற உன் அப்பன் செய்த காரியம் இது.

ஆகையால், ஏழுமலை, மனுவைத் திருப்பி வாங்கு. பச்சையம்மாள் பெயரை எழுது, அவள் எழுத்துத் தெரிந்த பெண், அவளையே எழுதச் சொல். கண்காட்சிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போ. அங்கே உனக்குப் பதக்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஏன் என்பதை அன்றைக்கே அவளிடம் சொல். பெண்டாட்டியிடம் தலை குனிந்தால் ஊர் சிரிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஊருக்கு வேறு வேலை இருக்கிறது. நான் ஒரு தடவை குனிந்தேன், கடை பிழைத்தது. இரண்டாம் தடவை குனியவில்லை, அதற்கு அவள் வட்டி கட்டினாள்.

இதுவரைக்கும் புதன்கிழமை எழுதினேன். எழுதி முடித்ததும், உனக்குச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லாமல் தபாலில் போடுவது எந்த ஊர் நியாயம் என்று தோன்றியது. உன் கல்யாணத்துக்கு வேண்டிய முகூர்த்தப் பானைகளைச் சக்கரத்தில் எடுத்து வாட வைத்திருந்தேன், அவள் பலகையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன், நீ எழுதிய அந்த இரண்டு வரியையும் சேர்த்து. முடித்ததும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. பானைகள் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு அடியில்லாமல் கிடந்தன. முகூர்த்தத்துக்கு நாள் இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இன்று சனிக்கிழமை. காலையில் வந்து எதிரில் உட்கார்ந்து, "அந்த வக்கீலு இன்னா சொன்னாருன்னு எழுதியிருக்கியே, அந்த எடத்த மட்டும் படி" என்றாள். படித்தேன். மறுபடி என்றாள். மறுபடி படித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போது அவளும் கூடவே முணுமுணுத்தாள், அதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு என்னைத் திட்டினாள். பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதே இல்லை. பிறகு சாக்கை விலக்கிப் பானைகளை எடுத்தாள், முதல் தட்டுக்கு.

கடிதத்தை மடித்து உறையில் போடப் போனேன். அவள் என் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள். "இத அவனுக்கு அனுப்பாத. இது எனக்கு எழுதுனது. அவனுக்கு வேற எழுது" என்று சொல்லி, புடவை வைக்கிற பெட்டியில் அடியில் வைத்துப் பூட்டினாள். ஆகையால் உன் கையில் இருப்பது நான் உட்கார்ந்து ஞாபகத்தில் இருந்து திரும்ப எழுதிய நகல். அசல் அவளிடம் இருக்கிறது.